குண்டூசிக்கு இரட்டைக் கோரைப்பல்

போன வாரம் தையலம்மாவின் மருமகள் தன் அறைக் கதவைச் சாத்திய சத்தம் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்குக் கேட்டது. என் வீடு நேர் எதிரே என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு விவரம் தெரியும். விட்டுப்போனவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த வீட்டு முன்னறையில் தையலம்மா. கல்யாண உடைகளுக்கு முத்து ஒட்டுவதில் கைகாரி. பின்னறையில் அவர் கணவர், பல்செட்டுக்காரர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பொக்கை வாய்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். நடு அறையில் மருமகள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பதால் இந்தக் கதையில் அவனுக்கு அதிக வேலையில்லை. தப்பித்தான்.

இந்த மூவரையும் ஆட்டிவைப்பது நாலாவது ஆள். பெயர் குண்டூசி. ஏழு மாதப் பொமரேனியன் குட்டி. நனைத்துப் பிழிந்த துண்டின் கனம்தான் இருக்கும். அதில் பாதி குரைப்பு.

சண்டைக்குக் காரணமும் அதன் வாய்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மருமகள் சொன்னாள்: "மாமா, இதுக்குக் கோரைப்பல்லு ரெண்டு ரெண்டா நிக்குது. பழசு விழாமலே பக்கத்துல புதுசு முளைச்சிருக்கு. வாயும் நாறுது. டாக்டர்கிட்ட காட்டணும்."

வீட்டில் அன்று விருந்தாளிகள். நாலு பேர் பார்த்தால் பல்செட்டுக்காரருக்குக் குரல் தானாக உயரும்.

"நாற்பது வருஷமா பல்லோட குடித்தனம் நடத்துறவன் நான். எனக்கே பாடமா? பால் பல்லுன்னா தானா விழும்மா. நீ போய் உன் ரயில் வருதான்னு பாரு."

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்றோடு அவரிடம் பேச்சு நின்றது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லும் குரல், மாமனாருக்கு மட்டும் மறு அறிவிப்பு வரும்வரை ரத்து.

இது போதாதென்று போன வாரம் மாற்றல் கடிதம் வந்தது. வேறு ஊர் நிலையம். பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, அங்கே போய்ச் சேர வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறதாம். 'போனா குண்டூசியையும் கூட்டிட்டுப் போயிடுவேன்' என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கதவைச் சாத்தினாள். கடிதம் அவள் கைப்பையில் இருக்கிறது. என்ன பதில் எழுதினாள், எழுதினாளா என்பது யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று நாலாம் தேதி, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி.

குண்டூசி காலித் தட்டை நக்கி நக்கி அறையின் அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போயிருந்தது. அதற்கு இன்று ஆபரேஷன். திங்கட்கிழமை மருமகள் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியதில், மேலே இரண்டும் கீழே வலது பக்கம் ஒன்றுமாக மூன்று பால் கோரைப்பல்லை மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கீழே இடது பக்கத்தது ஏற்கெனவே விழுந்துவிட்டதாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதிலிருந்து பல்செட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்பதற்கு வருகிறேன்.

"குட்டிக்கு ராத்திரியிலிருந்து எதுவும் குடுக்கலதானேன்னு அவகிட்ட கேளு," என்றார் மனைவியிடம். மருமகள் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

"குடுக்கலைன்னு சொல்லுங்க அத்தை."

தையலம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினார். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் பெட்டியா? கூடையைத் தூக்குங்க, கிளம்புங்க. எனக்குப் பத்து மணிக்குக் கல்யாணப் பொண்ணு உடுப்பு போட்டுப் பார்க்க வர்றா. நீங்கதான் இவகூட போகணும்."

"நானா?"

"பல்லு விஷயம்தானே? நாற்பது வருஷக் குடித்தனம்னீங்க. சம்பந்தி வீட்டுக்குப் போறதா நெனச்சுட்டுப் போயிட்டு வாங்க."

அவர் கிளம்பும்போதுகூடக் குனிந்து தையல் மெஷினுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படித்தான். கேட்டால் திருகாணி விழுந்துவிட்டது என்பார். கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் அவர் கையில் ஒரு திருகாணியைத் தையலம்மா பார்த்ததில்லை.

கிளினிக் மூன்று தெரு தள்ளி. மருமகள் கூடையோடு முன்னால் போனாள். பத்தடி பின்னால் இவர், விரிக்காத குடையோடு. மருந்துக்கடைக்காரர் என்னிடம் கேட்டார், "அவரு அவங்களைத் தொடர்ந்து போறாரா, இல்ல அவங்க அவரைக் கூட்டிட்டுப் போறாங்களா?" நான் இதிலெல்லாம் தலையிடுகிறவள் இல்லை. "ரெண்டும்தான்," என்று மட்டும் சொன்னேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அன்று மருமகளுக்குக் காலை டியூட்டி. தையலம்மா குளியலறையில். பல்செட்டுக்காரர் முன்னறை முக்காலியில் உட்கார்ந்து குண்டூசியை மடியில் போட்டுக்கொண்டார். கம்பி வளைக்கும் சின்னக் குறடைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஆறவைத்து, வாயைத் திறந்து, கீழே இடது பக்கத்துப் பால் பல்லைப் பிடித்து இழுத்தார்.

'டக்' என்று ஒரு சத்தம். குண்டூசி வீல் என்று கத்தியது. குறடிலிருந்து என்னவோ துள்ளித் தையல் மெஷின் பக்கம் பறந்தது. குட்டியின் வாயில் ஒரு சொட்டு ரத்தம். பல்லைக் காணோம்.

நாலைந்து தரம் தரையைத் தடவினார். கிடைக்கவில்லை. முழுப் பல்லும் வந்ததா, மேல்பாதி மட்டும் முறிந்து வந்ததா, அவருக்கே தெரியாது. அந்த 'டக்' மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

கிளினிக்கில் டாக்டரம்மா குண்டூசியைத் தூக்கி மேஜைமேல் வைத்துக் கீழுதட்டை விலக்கிக் காட்டினார். வயசு முப்பதுக்குள். பேச்சு நேர்ப்பேச்சு.

"இங்க பாருங்க, வலது பக்கம். பால் பல்லு வெளிப்பக்கம், புதுப் பல்லு உள்பக்கம். பழசு இடத்தை விட மாட்டேங்குது. புதுசு நாக்குப் பக்கமா சாய்ஞ்சு, வாயை மூடும்போதெல்லாம் மேலண்ணத்துல குத்துது. இதோ, குழி விழுந்திருக்கு. சின்ன ஜாதி நாய்ங்களுக்கு இது நிறைய வரும். ஒரே இடத்துல ரெண்டு பல்லு நிக்கக் கூடாது. நடுவுல சாப்பாடும் முடியும் சிக்கித்தான் நாறுது."

"எடுத்துட்டா புதுசு சரியாயிடுமா டாக்டர்?" மருமகள் கேட்டாள்.

"இப்பவே எடுத்துட்டா பெரும்பாலும் தானா வெளியே நகர்ந்துடும். விட்டா அப்படியே இறுகிடும்."

"இதுக்கு மயக்க மருந்து கட்டாயம் வேணுமா? இத்தனூண்டு உடம்பு..."

"வேணும்மா. இந்தப் பால் கோரைப்பல்லோட வேரு வெளியே தெரியறதைவிட நீளம். ஊசி மாதிரி மெல்லிசு. சும்மா பிடிச்சு இழுத்தா பாதியில முறிஞ்சு உள்ளேயே தங்கிடும். அப்புறம் சீழ் வைக்கும், பக்கத்துல வளர்ற புதுப் பல்லும் கெட்டுப்போகும். அதனால சுத்தி நெகிழ்த்தி, மெதுவா எடுப்போம். எடுக்கற மூணு பல்லுக்கும் முன்னாடியே எக்ஸ்ரே பார்த்துடறேன்."

மூணு பல்லுக்கு. நாலாவதுக்கு இல்லை.

குண்டூசியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. கூண்டுக் கிளி ஒன்றும், கழுத்தில் புனல் மாட்டிய பெரிய நாய் ஒன்றும், இவர்கள் இருவரும் வெளியே. கிளிதான் பேசிக்கொண்டிருந்தது.

பல்செட்டுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சொன்னால், இந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரு நூலும் அறுந்துபோகும். அவள் இன்று மாலையே பெட்டி கட்டுவாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. குட்டியின் தாடையைத் தவிர.

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"கீழே இடது பக்கம்... அது தானா விழலம்மா."

மருமகள் திரும்பினாள்.

"நான்தான் குறடு போட்டு இழுத்தேன். டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. பல்லு எங்கியோ போய் விழுந்துடுச்சு, தேடிட்டே இருக்கேன். வேரு உள்ள மாட்டியிருந்தா... அவங்க அந்தப் பக்கத்தைப் பார்க்க மாட்டாங்கம்மா. அதான் சொல்றேன்."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவருக்கு வந்த முதல் அறிவிப்பு இது: "எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. நீ டியூட்டிக்குப் போனப்புறம்."

"ஏன் மாமா?"

அவர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டரு, மயக்கம், அதெல்லாம் இல்லாம நானே எடுத்துட்டா நீ பேசிடுவேன்னு நெனச்சேன்."

அவள் எழுந்தாள். நேராகப் போய் உள்கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது. விஷயத்தைச் சுருக்கமாக, தெளிவாக, நடைமேடை எண்ணோடு சொல்வது போலச் சொன்னாள். டாக்டரம்மாவின் பார்வை அவள் தோளுக்கு மேலாகப் பாய்ந்தது.

"குறடா?"

"கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான்..."

"கழுவினதுக்குக் கை தட்டணுங்களா ஐயா?" என்றார் டாக்டரம்மா. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி. இப்பவாவது சொன்னீங்களே. அந்தப் பக்கமும் எக்ஸ்ரே எடுக்கறேன்."

கதவு மூடியது.

முக்கால் மணி நேரம். கிளிகூட அலுத்துப்போய்த் தூங்கிவிட்டது. மருமகள் எதிர்ச் சுவரில் இருந்த பூனைப் படத்தையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பெரிய நாயைப் பார்த்தார். பெரிய நாய், இவர் தொழில் தெரிந்தது போல, வாயை இறுக்க மூடிக்கொண்டது.

டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார்.

"மூணும் வேரோட வந்துடுச்சு. குட்டி நல்லா இருக்கு. ஆனா அந்த இடது பக்கம்தான். படத்துல மெல்லிசா ஒரு கீற்று தெரியுது. முறிஞ்ச வேராவும் இருக்கலாம், புதுப் பல்லோட நிழலாவும் இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியல. ஈறைக் கீறிப் பார்த்தா தெரிஞ்சுடும். ஆனா புதுப் பல்லை ஒட்டியே கீறணும். அதுக்கு அடிபடலாம்."

"கீறாம விட்டா?"

"வேரா இருந்தா பின்னாடி தொந்தரவு. மயக்கத்துல இன்னும் கால் மணி நேரம் வச்சிருக்கலாம், அதுக்கு மேல இந்த உடம்புக்கு வேண்டாம். அதனால இப்பவே முடிவு சொல்லணும். அந்தப் பல்லு கையில இருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லிடுவேன்."

இருவரும் பல்செட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார், எந்த விரலிடுக்கிலாவது அது ஒட்டியிருக்குமோ என்பதுபோல.

அதே நேரம் நம் தெருவில், தையலம்மாவின் முன்னறையில், கல்யாணப் பெண் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தந்த நிறப் பட்டு. கழுத்தைச் சுற்றி இரண்டு வரிசை துளிமுத்து, ஒவ்வொன்றும் கண்ணீர்த் துளி வடிவம். ஓட்டை கிடையாது, இடுக்கியால் எடுத்துப் பசை வைத்து ஒட்டுவது. (நான் பித்தான் வாங்கப் போயிருந்தேன். தற்செயல்தான்.)

"ஆன்ட்டி, எல்லாம் சூப்பர். இந்த ஒரு முத்து மட்டும் குத்துது."

"முத்து எங்கயாவது குத்துமா?"

"குத்துதே. இங்க, காலர் எலும்புகிட்ட."

தையலம்மா கண்ணாடியை மாட்டினார். போதவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். அப்படியே இருந்தார்.

"என்னாச்சு ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல கண்ணு. இது வேற சரக்கு."

இடுக்கியால் மெல்லப் பிடுங்கிக் கறுப்புத் துணித்துண்டில் வைத்தார். மற்ற துளிகளுக்கு ஒரு பக்கம்தான் கூர். இதற்கு இரண்டு பக்கமும். வளைந்து, ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி மங்கிய மஞ்சளாகவும், நீளமாக ஒரு வாலோடு இருந்தது.

திங்கட்கிழமை காலையில் முத்துத் தட்டு கவிழ்ந்தது அவருக்கு நினைவு வந்தது. தரையில் சிதறியதையெல்லாம் கூட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, மறுபடி தட்டில் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெஷினுக்கு அடியில் தவழும் கணவரும் நினைவுக்கு வந்தார்.

"திருகாணியாம், திருகாணி," என்றபடி போனை எடுத்தார்.

பல்செட்டுக்காரரின் போன் பின்னறையிலேயே அடித்தது. மருமகள் எண்ணைப் போட்டார்.

கிளினிக்கில் அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள். மாமியார் குரல் கூடத்தை நிறைத்தது.

"அந்த மனுஷன் பக்கத்துல இருக்காரா? அவர் தேடுற திருகாணி என்கிட்ட இருக்குன்னு சொல்லு. கல்யாணப் பொண்ணு கழுத்துல இருந்துச்சு!"

"அத்தை! அது முழுசா இருக்கா? வாலு மாதிரி நீளமா ஏதாவது இருக்கா?"

"இருக்கே. முத்துக்கு வாலு எதுக்குன்னுதான் பார்த்தேன்."

டாக்டரம்மா போன் அருகே குனிந்தார். "அம்மா, அந்த வாலு நுனி எப்படி இருக்கு? ஒடிஞ்ச மாதிரியா, வழவழன்னா?"

"இருங்க." பூதக்கண்ணாடி மேஜையில் இடிக்கும் சத்தம். "ஊசி முனை மாதிரி இறங்கி வழவழன்னு முடியுது. ஒடிசல் எதுவும் இல்ல. டேப்பு வச்சுப் பார்க்கறேன்... மொத்தம் பன்னிரண்டு மில்லி. வெள்ளை நாலு, வாலு எட்டு."

"படம் அனுப்புங்க, சீக்கிரம்."

படம் வந்தது. கறுப்புத் துணிமேல் பல், பக்கத்தில் மஞ்சள் அளவு நாடா. தையலம்மா எதையும் கோணலாக வைத்துப் பழக்கமில்லாதவர். டாக்டரம்மா விரலால் பெரிதாக்கினார். உள்ளே போனார். எடுத்த மூன்றில் இதற்கு ஜோடியான கீழ் வலது பக்கப் பல்லோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அரை நிமிஷம்தான்.

கதவைத் திறந்து தலையை நீட்டினார். "முழு வேரும் வந்திருக்கு. உள்ள எதுவும் இல்ல, அது நிழல்தான். கீற வேண்டாம். எழுப்பறேன்."

பல்செட்டுக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பாதி மூச்சு நெஞ்சிலும் பாதி வாயிலுமாக ஒரு சத்தம் வந்தது. புனல் மாட்டிய நாய் எழுந்து நின்று அவரை விசாரித்தது.

"ஐயா," டாக்டரம்மா விரலை நீட்டினார். "இப்படி வர்றது அபூர்வம். இது உங்க திறமை இல்ல, குட்டியோட அதிர்ஷ்டம். நீங்க மனுஷங்களுக்கு செட்டு பண்ணுங்க. இதுங்க வாய் எங்களுக்கு."

"சத்தியமா டாக்டர்."

போன் இன்னும் மருமகள் கையில் திறந்திருந்தது. "என்னம்மா ஆச்சு? சொல்லேன்!" என்று தையலம்மா கத்திக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு அத்தை. கீறல. நல்லா இருக்கு." சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. ஒலிபெருக்கியில் பிசிறில்லாமல் பேசும் குரல், அந்த ஒரு வார்த்தையில் தடுக்கிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் குண்டூசி வந்தது. கண் சொருகல், நாக்கு ஒரு ஓரமாக. மருமகள் மடியில் முகத்தைப் புதைத்தது. பிறகு தலையைத் தூக்கிப் பல்செட்டுக்காரரைப் பார்த்து, இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி, ஒரே ஒரு முறை குரைத்தது.

"மறக்கல பாருங்க," என்றாள் மருமகள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "குறடு வைக்கிற இழுப்பறைச் சாவி. ராத்திரியில நீயே வச்சுக்கோ. காலையில வேலைக்கு வேணும்ங்கிறப்போ கேட்டு வாங்கிக்கறேன்."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். அதே பை. உள்ளே அந்தக் கடிதம்.

வரவேற்பு மேஜைப் பெண் காகிதத்தைப் பார்த்து ஒப்பித்தாள். "ரெண்டு வாரத்துக்கு மெத்துன்னு இருக்கிற சாப்பாடுதான். கடிச்சு இழுக்கிற பொம்மை வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வரணும், புதுப் பல்லு நகருதான்னு டாக்டர் பார்ப்பாங்க. பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலையில பத்து. சரியா?"

"சரி," என்றாள் மருமகள்.

"யாரு கூட்டிட்டு வருவீங்க?"

"நாங்க ரெண்டு பேரும்."

அந்தப் பெண் அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அவள்தான் சாயங்காலம் என்னிடமும் சொன்னாள். அவள் பித்தான் தைக்கக் கொடுக்கும் இடம் எனக்கும் தெரிந்த இடம்.

வெளியே வெயில் சுள்ளென்று இருந்தது. பல்செட்டுக்காரர் வழக்கம்போலப் பத்தடி விட்டு நடக்கத் தயாராக நின்றார்.

"மாமா, கூடையில வெயில் அடிக்குது. குடையை விரிச்சு இந்தப் பக்கம் பிடிங்க."

விரித்தார். பிடித்தார். கூடைக்குக் குடை பிடிக்க வேண்டுமானால் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். நடந்தார். மருந்துக்கடைக்காரர் கடைக்கு வெளியே வந்து பார்த்தார்.

இரண்டாவது தெரு திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. விரலை மடக்கினார். பதினைந்து, திங்கள். பதினாறு. பதினேழு. பதினெட்டு, வியாழன்.

புது ஊரில் சேர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் கழித்து.

கேட்க வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தையும் வெளியே விடாமல் மூடிக்கொண்டார். பதற்றத்தின் களைப்பில் அவள் அந்தத் தேதியைக் கவனிக்காமல் தலையாட்டியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு வண்டியின் நேரத்தைக்கூடத் தப்பாகச் சொன்னவள் இல்லை அவள்.